ஆடிட்டரிடம் போகும் முன்

ஐயா,

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூலை கடைசி வாரத்தில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஆடிட்டர் அலுவலகங்களில் பை நிறைய காகிதங்களோடு கூட்டம் நெரியும். ஜூன் நடுவிலேயே தொடங்கினால் இந்த அவதி இல்லை.

சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழான பாரம் 16-ஐ ஜூன் 15-க்குள் நிறுவனம் தர வேண்டும். வந்ததும் வருமான வரித் தளத்திலிருந்து 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (வட்டி உட்பட உங்கள் வருமான விவரப் பட்டியல்) இரண்டையும் இறக்கி, வங்கியின் வட்டிச் சான்றிதழோடு ஒவ்வொரு பதிவாக ஒப்பிடுங்கள். சம்பளத்தை மட்டும் சொல்லி எஃப்.டி. வட்டியை விட்டுவிட்டால் ஏஐஎஸ் காட்டிக்கொடுக்கும், நோட்டீஸ் வரும்.

மணலி, எண்ணூரில் ஆண்டு நடுவே சம்பளம் தரும் ஒப்பந்தக்காரர் மாறுவது சகஜம். அப்படியானால் இரண்டு பாரம் 16-ஐயும் கொடுங்கள். புதிய வரி முறையில் இரண்டு ஒப்பந்தக்காரர்களுமே தனித்தனியாக ரூ.75,000 நிலைக்கழிவு (சம்பளத்தில் வரி போடாமல் விடும் நிலையான தொகை) கழித்திருப்பார்கள். சட்டப்படி ஒருமுறைதான் உண்டு. கூட்டிப் பார்த்தால் வரி பாக்கி நிற்கும்.

கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வரும் ரீஃபண்ட் சிக்குவது பெரும்பாலும் இனிஷியலால். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து நிற்கும். பெயர் பொருந்தாமல் வங்கிக் கணக்கு சரிபார்ப்பு தோற்றுவிடும். இதை முன்பே வங்கியில் திருத்துங்கள்.

தளத்தில் உங்கள் சொந்த செல்பேசி எண்ணையே பதியுங்கள், ஆடிட்டருடையது வேண்டாம். நோட்டீஸ் அந்த எண்ணுக்குத்தான் தகவலாக வரும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஓடிபி மூலம் இ-சரிபார்ப்பு முடிந்ததா என்று ஆடிட்டரிடம் கேட்டு, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை