வாத்தியமில்லாக் குழுப்பாடலுக்கான குரல் தேர்வு

ஆசிரியர் அவர்கட்கு,

கல்லூரிகளில் பக்கவாத்தியமின்றிப் பாடும் குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது, நல்ல குரலுள்ள பிள்ளைகள் பலர் கழிபட்டுப் போகிறார்கள். தயாரிப்பில்தான் பிழை.

தேர்வில் முதலில் வரும் தனிப்பாட்டுக்குப் பல்லவியும் ஒரு சரணமும் போதும். கரோக்கியோடு மட்டும் பழகியவருக்கு, துணை இல்லாதபோது சுருதி மெல்ல இறங்கும். வீட்டில் தம்புராச் செயலியில் சுருதி கேட்டு, அதை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். முடிந்ததும் மறுபடி போட்டுப் பாருங்கள். அரைச் சுரம் இறங்கியிருந்தால், பெரும்பாலும் அடியின் முடிவில் மூச்சுத் தளர்ந்ததே காரணம். 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடுபவர் உச்சம் காட்டவென்று 6 கட்டைக்கு ஏறத் தேவையில்லை; குரல் எல்லையைத் தேர்வு நடத்துவோர் கீபோர்டில் அரை அரைச் சுரமாகத் தனியே பார்ப்பார்கள்.

கடினமான கட்டம் இனித்தான்: மற்றக் குரல்களோடு சேர்ந்து பாடுவது. மற்றவர்கள் ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) பிடிக்க, நீங்கள் காந்தாரத்தில் (க) நிற்க வேண்டும். கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைக்குக் கை தானாகத் தாளம் போடும், அது நல்லது. ஆனால் குரலும் தானாகக் கமகம் போடும், அதாவது சுரத்தை அசைக்கும். காந்தாரம் அசைந்தால் மூன்று குரலின் இசைவும் கலங்கும். நேராக, அளவான சத்தத்தில், பக்கத்தவர் 'ஆ'காரத்துக்கு வாய் திறக்கும் அளவுக்கே திறந்து பாடுங்கள். காதைப் பொத்த வேண்டாம். போனில் ஒரு குரலைப் பதிந்து, அதற்கு மேல் அடுத்த குரலைப் பாடிப் பழகலாம்.

தேர்வு நடத்துவோர் ஒவ்வொரு குரற்பகுதியின் ஒலிப்பதிவையும் ஒரு கிழமைக்கு முன்பே கொடுக்க வேண்டும். மேலைத்தேய இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாத பிள்ளைகளே இங்கு அதிகம்.

இங்ஙனம்,
குழுப்பாடல் பயிற்றுநர்கள்,
யாழ்ப்பாணம்.