செங்கல் என்றால் இளப்பமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் லூபெக் நகரத்து மரியன்னை தேவாலயம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் கல் கிடைக்காததால் செங்கல்லில் கட்டிய நகல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு ஒப்பவில்லை. பிரெஞ்சுக் கல் தேவாலயங்களைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள், சரி, ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஊர் வணிகர்கள் கைக்கு அடங்கும் சுட்ட செங்கல்லை அடுக்கியே 38.5 மீட்டர் உயரத்துக்கு வளைவுக் கூரை எழுப்பினார்கள், இன்றும் உலகிலேயே உயரமான செங்கல் வளைவுக் கூரை அதுதான், பால்டிக் கரையோர ஊர்கள் பலவும் பிறகு அதைப் பார்த்தே கட்டின. நகலைப் பார்த்து யாராவது அத்தனை கட்டுவார்களா?

சில ஆண்டுகளுக்கு முன் வேலை விஷயமாகப் போனபோது தெற்குக் கோபுரத்தின் அடியில் வெகுநேரம் நின்றேன். 1942 மார்ச் குண்டுவீச்சில் கோபுரம் எரிந்து விழுந்த பெரிய மணிகள், விழுந்த இடத்திலேயே, உடைந்த தரைக்கு நடுவே சில்லுசில்லாகக் கிடக்கின்றன. போரின் நினைவாக அப்படியே விட்டிருக்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த இதழில் அந்த மணிகளின் படத்தோடு, அவ்வளவு உயரத்தைச் செங்கல் எப்படித் தாங்குகிறது என்று காட்டும் ஒரு குறுக்குவெட்டு வரைபடமும் போடுங்கள்.