யாத்திரிகர் விடுதிச் சுடுநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய அங்கத்தவர்களுக்கு,

விநாயகப் பெருமான் திருவருளால், வெள்ளவத்தை யாத்திரிகர் விடுதியின் சுடுநீர்த் திருப்பணி நிறைவெய்தியது. மஹரகம வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்காக வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோர் தங்கும் இடம் இது. அவர்களுக்கு வெந்நீர் ஆடம்பரமன்று.

குளியலறைக்கு ஒரு கீசர் பொருத்திவிடலாம், செலவு குறைவு என்று பொதுக்கூட்டத்தில் பலர் வாதிட்டீர்கள். வாங்கும் விலையில் அது உண்மை. ஆனால் 100 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 3.7 அலகு மின்சாரம் வேண்டும். எந்தக் கீசராலும் இதைக் குறைக்க முடியாது. நாங்கள் பொருத்திய ஹீட் பம்ப் என்னும் வெப்ப இயந்திரமோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்கு மாற்றுகிறது. அதனால் அதே வேலையை மூன்றிலொரு பங்கு மின்சாரத்தில் முடிக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலக் காற்று அதற்குச் சோதனை, கொழும்பின் வெக்கையோ ஆண்டு முழுவதும் அதற்குத் துணை.

எனினும் முதலிடத்தைச் சூரியனுக்கே கொடுத்தோம். மொட்டைமாடியில் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்வாக, வெயிலில் நீரைச் சூடாக்கும் தகடுகள் நிற்கின்றன; அந்த வெந்நீர் தொட்டியில் சேர்கிறது. மழை நாட்களில் மட்டும் ஹீட் பம்ப் கைகொடுக்கும். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதையும், மின்வெட்டில் தவித்ததையும் நாம் மறக்கவில்லை. மடைப்பள்ளிக்கும் இதே தொட்டியிலிருந்து ஒரு குழாய் போகிறது. வெந்நீரில் உலை வைத்தால் அடுப்பெரியும் நேரம் குறையும்.

குழாய்களுக்குக் காப்புறை சுற்றியதை வீண்செலவு என்றார்கள். உறையில்லாக் குழாயில் வெந்நீர் வழியிலேயே ஆறிவிடும், அதைச் சூடாக்கப் பட்ட செலவு காற்றோடு போகும். இந்தத் திருப்பணியில் மிகக் குறைந்த விலையில் மிகுந்த பயன் தந்தது அந்த உறைதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தொட்டி நீரை 60 பாகைக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இளஞ்சூட்டில் லெஜியோனெல்லா கிருமி பெருகும், நோயாளரின் நுரையீரல் அதைத் தாங்காது. 60 பாகை நீர் முதியவர் தோலைப் பொசுக்கும் என்பதால், குளியலறைகளில் குளிர்நீர் கலந்து விடும் வால்வுகளைப் பொருத்தியுள்ளோம். அவற்றை யாரும் திருகி மாற்ற வேண்டாம்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளது. கடற்கரை உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும் என்பதால், தகடுகளைத் தாங்கும் சட்டங்களையும், தான் கரைந்து தொட்டியைக் காக்கும் உள் அரிப்புத் தடுப்புத் தண்டையும் ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் சோதிக்க வேண்டும். இதற்கான தொகையை வரவுசெலவில் தனியே ஒதுக்குமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கீகாரம் கோருகிறோம்.

திருப்பணிக் குழு