பத்தாவது வருடம்

அன்புள்ள செல்விக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. தலைமையாசிரியை நாற்காலியில் உன்னைப் பார்க்க அத்தனை சந்தோஷம். ஆனால் அந்தக் கஞ்சி போட்ட சேலை அப்படியே பெரிய டீச்சருடையது. கையில் பிரம்பு மட்டும்தான் குறை. இங்கே எல்லோரும் நலம். மகன் கல்லூரிக்குப் போய்விட்டான், சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. பாஸ்டன் பக்கம் குளிர் இன்னும் விட்டபாடில்லை.

போதை எதிர்ப்பு மன்றம் பற்றிக் கேட்டிருந்தாய். ஜூன் 26 ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி, இன்ஸ்பெக்டர் உரை, இதற்கு மேல் என்ன செய்வது, அங்கே அரசாங்கமே பணம் கொடுக்கிறதாமே என்று. கொடுக்கிறது. எங்கள் ஊருக்கு அது வருவது இந்த வருடத்தோடு நிற்கப்போகிறது. கொஞ்ச நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை, உன்னிடம் கொட்டித் தீர்க்கிறேன். பொறுமையாகப் படி.

இந்த மானியத்துக்கு ‘ட்ரக் ஃப்ரீ கம்யூனிட்டீஸ்’ என்று பெயர். பிள்ளைகள் போதையைத் தொடாமல் தடுக்க ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புகளுக்கு அமெரிக்க அரசு தருவது; எங்கள் ஊர்க் கூட்டமைப்பில் நானும் இருக்கிறேன். 1997இல் சட்டம் போட்டுத் தொடங்கியது. வருடத்துக்கு 1,25,000 டாலர் வரை, ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். மறுபடி விண்ணப்பித்துத் தேறினால் இன்னும் ஐந்து. பத்து வருடத்துக்கு மேல் எந்தக் கூட்டமைப்புக்கும் கிடையாது. எங்களுக்கு இது பத்தாவது வருடம். வாங்குகிற ஒவ்வொரு டாலருக்கும் ஊர் தன் பங்காக ஒரு டாலர் காட்ட வேண்டும். ஏழாம் வருடத்திலிருந்து அது ஒன்றேகால் மடங்கு, ஒன்பதிலும் பத்திலும் ஒன்றரை மடங்கு. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றில்லை. பள்ளி தரும் அறைக்கும், என்னைப் போன்றவர்கள் வந்து உட்காரும் நேரத்துக்கும் விலை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் கூட்டத்துக்குப் போனதும் முதல் வேலை வருகைத் தாளில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவது. பெற்றோர், பள்ளி, போலீஸ், மருத்துவர், வியாபாரி, தேவாலயம், பத்திரிகை என்று பன்னிரண்டு தரப்பிலும் ஆள் இருந்தாக வேண்டும். அதில் ஒரு தரப்பு பிள்ளைகள், 18 வயதுக்குள் இருப்பவர்கள். சிகிச்சைக்கு இதில் ஒரு காசு செலவு செய்ய முடியாது. தொடாமல் தடுப்பதற்கு மட்டும்தான்.

அப்படியென்றால் இந்தப் பணத்தில் என்னதான் வாங்குகிறீர்கள் என்று கேட்பாய். எங்கள் ஊரின் நிதிக் குழுவும் அதையேதான் கேட்டது. ஒரு மனுஷியின் நேரத்தை வாங்குகிறோம். எங்கள் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் இதிலிருந்துதான். பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு உட்காருவது, போலீஸ் அதிகாரியையும் கடைக்காரரையும் ஒரே மேசைக்கு வரவழைப்பது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாணவர்களிடம் பெயரில்லாமல் கருத்துக் கணிப்பு எடுத்து அறிக்கை அனுப்புவது எல்லாம் அவள் வேலை. சுவரொட்டியை எவரும் அச்சடிக்கலாம். பிள்ளைகள் நம்புகிற ஒரு பெரியவரை அச்சடிக்க முடியாதே, செல்வி.

போன இலையுதிர் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே மதுக்கடைகளில் 50 மில்லி குட்டி பாட்டில்கள் விற்கிறார்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் நடைபாதை முழுக்க அவை சிதறிக் கிடக்கும். பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு பொறுக்கினார்கள். வெறுமனே பொறுக்கவில்லை, எந்தத் தெரு முனையில் எத்தனை என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் எல்லாம் ஒரு கடையைச் சுற்றியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஊர் நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்கு அந்த வரைபடத்தையும் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய பாட்டில்களையும் கொண்டுபோனார்கள். பேசியது ஒன்பதாம் வகுப்புப் பெண், நம் பத்மாவைப் போலவே வாயே திறக்காத ஜாதி. "இதைக் குடிப்பது பெரியவர்கள்தான், மாணவர்கள் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று ஓர் உறுப்பினர் மடக்கினார். "மாணவர்கள் என்று நாங்கள் சொல்லவே இல்லை. தினமும் இதன் மேல் நடந்துதான் நாங்கள் பள்ளிக்கு வருகிறோம்" என்றாள் அவள். தடை இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர், பணம் வாங்கும் இடத்தில் சூயிங்கம்மோடு வைத்திருந்த கூடையைத் தானாகவே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊர்கள் முடிவெடுத்தால் நடக்கும். செல்சீ நகரம் 2018இலேயே இந்தக் குட்டி பாட்டில்களுக்குத் தடை போட்டது. நீதம் என்ற ஊர் 2005இல், நாட்டிலேயே முதலாவதாக, சிகரெட் வாங்கும் வயதை 21 ஆக்கியது. 2006க்கும் 2010க்கும் இடையில் அங்கே உயர்நிலைப் பள்ளியில் புகைப்பவர்கள் 13 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தார்கள்; சுற்றியிருந்த ஊர்களில் அந்த அளவு குறையவில்லை. நாடு முழுவதற்கும் 21 என்ற சட்டம் வந்தது 2019 டிசம்பரில்தான். புரூக்லைன் இன்னும் ஒரு படி மேலே போய், 2000 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குப் புகையிலையே விற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. இதற்கெல்லாம் யாராவது உட்கார்ந்து எண்ணி, எழுதி, திரும்பத் திரும்பக் கூட்டத்துக்குப் போக வேண்டும். சம்பளத்துக்கு ஓர் ஆள் இல்லாவிட்டால் அது ஆறு மாதம்கூட ஓடாது.

அதனால்தான் மே மாத ஊர்க்கூட்டத்தில் அந்தச் சம்பளத்தை ஊரின் வரவு செலவிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்கிறோம். ஊர்க்கூட்டம் நம் கிராம சபை போலத்தான், ஆனால் இங்கே பட்ஜெட்டை நிறைவேற்றுவதே அதுதான். வரியைக் கூட்ட வேண்டாம். ஓபியாய்டு என்ற, ஆளை அடிமையாக்கும் அபின் வகை வலி மாத்திரைகளைக் கண்மண் தெரியாமல் விற்ற கம்பெனிகளிடமிருந்து வழக்கில் கிடைத்த இழப்பீட்டில் 40 சதவீதம் இந்த மாநிலத்தின் ஊர்களுக்கு வருகிறது. தடுப்பு வேலைக்கும் அதைச் செலவிடலாம்.

இங்கேதான் சிக்கிக்கொண்டேன். போன வாரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். மகனைப் பறிகொடுத்தவர். "அந்தப் பணம் என் மகனைப் போன்றவர்களின் உயிருக்கு வந்த விலை. இப்போது உயிரோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது போகட்டும். நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்றார். யாரும் பேசவில்லை. நானும்தான். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, செல்வி. ஒருவர் படுக்கையில் கிடக்கும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நோய் வராமல் பார்க்க வேண்டும் என்று எப்படி அவரிடம் சொல்வது? ஆனால் அவர் மகனும் ஒரு காலத்தில் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நன்றாக இருந்த பிள்ளைதானே. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுச் சம்பளம் கேட்காமல் பாதி கேட்கலாம், மீதி சிகிச்சைக்குப் போகட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டமைப்பில் பாதிப் பேர் என்னோடு சண்டை. அவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துப் பேச நினைத்திருக்கிறேன்.

இனி உன் மன்றம். ஊர்வலத்தை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், மேலிடத்துக்குப் படம் அனுப்பியாக வேண்டும், தெரியும். ஆனால் அதோடு நிற்காதே. இங்கே 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பித்து வருடக்கணக்கில் போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். நாடு முழுக்கப் பரவிய பிறகு ஆராய்ந்து பார்த்தால், அதைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பயமுறுத்திப் பேசுவதை நம் பிள்ளைகளும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். உன் பையன்கள் உதட்டுக்குள் அதக்கும் அந்தப் பொட்டலம் எங்கே கிடைக்கிறது என்று உன் இன்ஸ்பெக்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அளவு நாடாவை அவர்கள் கையில் கொடு. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று நம் நாட்டில் 2003ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளக்கட்டும், கடைகளை வரைபடத்தில் குறிக்கட்டும். கடைக்காரரோடு ஒரு பிள்ளையும் வாய் கொடுக்க வேண்டாம், அதில் மட்டும் கண்டிப்பாக இரு. யார் எங்கே விற்கிறார் என்று எந்தப் பிள்ளை சொன்னது என்பதும் வெளியே போகக் கூடாது. வரைபடத்தில் நீ கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பு. பெயர் எழுதாமல் ஒரு கணிப்பும் எடு: நீ தொட்டிருக்கிறாயா, உன் வகுப்பில் எத்தனை பேர் தொடுவதாக நினைக்கிறாய் என்று இரண்டே கேள்வி. இங்கே அதில்தான் பிள்ளைகளுக்கே ஆச்சரியம்: "எல்லாரும் செய்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை. பிறகு மன்றத்துக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தலைவராக்கி, நீ பக்கத்தில் பேசாமல் உட்காரு. உன்னால் முடியாது என்று பத்மா பந்தயம் கட்டுகிறாள், நானும் அவள் பக்கம்தான்.

இதற்கு உனக்குப் பணம் அதிகம் வேண்டாம். ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்கித் தர முடியுமா என்று பார். முடியாது என்றால் யார் தடுக்கிறார்கள் என்று எழுது, பழைய மாணவர் சங்கத்தில் நான் கேட்கிறேன். பகுதிநேரமாக ஒருவரை வைக்க எங்கள் ஆண்டு மாணவிகளே திரட்டிவிடலாம். ஆனால் ஒரே வருடத்துக்கு என்றால் வேண்டாம், குறைந்தது மூன்று வருடத்துக்குப் பேசி முடித்த பிறகே தொடங்கு.

ஊர்க்கூட்டம் முடிந்ததும் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பியிருக்கிறேன், தம்பி வரும்போது கொண்டுவருவான். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
மல்லிகா