எல்லையோர வாயனசாலைகளில் தமிழ் நாவல்களுக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நட்பையும் காதலையும் பேசும் நாவல்களைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா என்று தங்கள் கடிதப் பகுதியில் வாசகர்கள் சிலர் எழுதி வருவதைப் படித்தேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்வழிப் பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது கிராம நூலகத்தில், தமிழ் அலமாரியைக் கவனித்து வருகிறேன். அத்தகைய நாவல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும், அவற்றை வாங்கி வைப்பது எல்லையோர ஊர்களின் வாயனசாலைக் குழுக்களுக்குக் கடமை என்பதும் என் உறுதியான கருத்து.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகிய எங்கள் பக்கத்து ஊர்களில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. வில்லேஜ் ஆபீசில் நிற்கும்போது மலையாளத்தில் விண்ணப்பம் எழுதுகிறது. துணிமணி வாங்கவும் மருத்துவம் பார்க்கவும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விடுகிறார்கள். மீதிப் பேர் மலையாளம் கற்றுக்கொண்டு இங்கேயே வழி தேடுகிறார்கள். நான் யார், எந்த ஊர்க்காரி, என் வாழ்க்கையைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகள் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் உண்டு என்றாலும், எங்கள் பிள்ளைகளுக்கு அவை கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுகின்றன. அந்தக் கேள்விகளோடு ஒருவன் அல்லது ஒருத்தி தனியே போராடுவதை உள்ளிருந்து காட்டுவதற்கு நாவலைப் போன்ற வடிவம் வேறில்லை.

ஆனால் எங்கள் தமிழ் அலமாரியில் நான் பொறுப்பேற்றபோது இருந்தவை பொது அறிவு வினாவிடைகள், தலைவர்களின் வாழ்க்கைச் சுருக்கங்கள், வீடு மாற்றிப் போனவர்கள் விட்டுச் சென்ற ஆன்மிக மலர்கள் ஆகியவையே. எதிரே மலையாள அலமாரிகளில் நாவல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பி.என். பணிக்கர் 1945-இல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூரில் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்தவை இந்த வாயனசாலைகள். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளை வாசிப்பு நாளாக ஆண்டுதோறும் கொண்டாடும் நாம், அரசு மானியத்தில் புத்தகம் வாங்கும்போது மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளையை ஏன் மறந்துவிடுகிறோம்?

இனி, இத்தகைய நாவல்களைப் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 1964-இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’ நாவலை ஒரு பிளஸ் ஒன் மாணவிக்குக் கொடுத்திருந்தேன். சில நாள் கழித்து அவளுடைய தாயார் அந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “டீச்சர், நீங்களே காதல் கதை கொடுக்கலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பெண் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு உள்ள கவலைதான் அது. 1956 நவம்பர் 1 வரை எங்களைப் போலவே மலையாளத்தோடு கலந்து கிடந்த தென் திருவிதாங்கூர் மண்ணின், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின், கதை அந்த நாவல். வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபடும் லிஸிக்கு, பனையேறி குடும்பத்துத் தங்கராஜ் மீது அன்பு அரும்புகிறது. அந்த அன்பு வளரும்போது அவள் தன் மனத்தையும், தன் குடும்பப் பெருமை எவ்வளவு வெறுமையானது என்பதையும் சேர்த்தே அறிகிறாள். நூலைத் திருப்பித் தர வந்த மாணவி என்னிடம் கேட்டது காதலைப் பற்றியே அல்ல. “லிஸியைப் படிப்பை விட்டு நிறுத்தும்போது அவளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லையே, ஏன் டீச்சர்?” என்றுதான் கேட்டாள். இப்படிக் கேட்கத் தெரிந்த பெண் கெட்டுப்போய்விட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குறுந்தொகையில் செம்புலத்தில் பெய்த மழைநீராக இரு நெஞ்சங்கள் கலந்ததை நாமே வகுப்பில் நடத்துகிறோம். நயம் எழுதச் சொல்லி மதிப்பெண்ணும் போடுகிறோம். அதே உணர்வு இன்றைய மனிதர்களின் பெயரோடும் ஊரோடும் உரைநடையில் வரும்போது நூலைப் பிடுங்கி வைக்கிறோம். அகப்பாடல்களில் தலைவியின் காதலை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லி அறத்தொடு நிற்கும் தோழி எவ்வளவு பெரிய பாத்திரம் என்பதை யோசித்துப் பாருங்கள். அவளுக்கு ஈடான தோழியை நம் நாவல்களில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன், அரிதாகவே கிடைக்கிறாள். ஆண்களின் நட்புக்கு அந்தக் குறை இல்லை. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில், தன்னை வளர்த்தவரின் ஊரைத் தேடி வரும் ஹென்றிக்கும் ஆசிரியர் தேவராஜனுக்கும் இடையே வளரும் நட்பில் சாதி, மதம், பிறப்பு எதுவும் குறுக்கே வருவதில்லை. ஊர் எது, சொந்தம் எது என்று குழம்பும் எங்கள் பையன்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்த நூலைத்தான். பெண்களின் நட்பை நடுவில் வைத்து இன்றைய எழுத்தாளர்கள் நிறைய எழுத வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கென்றே வாய்த்த ஒரு வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். வைக்கம் முகம்மது பஷீர் எழுதி 1944-இல் வெளிவந்த ‘பால்யகால சகி’ நாவலை மலையாளத்தில் படித்த பிள்ளையும், குளச்சல் மு. யூசுப்பின் தமிழில் படித்த பிள்ளையும் எங்கள் வாயனசாலைத் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து மஜீதையும் சுகறாவையும் பற்றி வாதாடுவதை நான் கண்டிருக்கிறேன். சுகறாவை விட்டுவிட்டு மஜீது ஊரைவிட்டுப் போனது சரியா என்று தொடங்கிய பேச்சு, விளக்கு அணைக்கும் நேரம்வரை ஓயவில்லை. மேடை போட்டு மொழி நல்லிணக்கம் பேசுகிறவர்கள், இப்படி இரு மொழியிலும் கிடைக்கும் நாவல்களைச் சோடியாக வாங்கி அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

காதல் நாவல் எல்லாமே நல்ல நாவல் என்று நான் வாதிடவில்லை. பெண்ணை மிரட்டுகிறவனையும் அடிக்கிறவனையும் காதலன் என்று காட்டி, அவள் பொறுத்துப் பொறுத்து அவனைத் திருத்துவதாக முடிக்கும் கதைகள் இன்று செல்போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகளும் அவற்றைப் படிக்கிறார்கள். நாம் அலமாரியைப் பூட்டி வைத்தால் அவர்களுக்கு மிஞ்சுவது அவை மட்டும்தான்.

ஆகவே, சித்தூர் தாலுகாவிலும், இதே நிலையில் உள்ள இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் உள்ள வாயனசாலைக் குழுக்கள் இந்த ஆண்டு மாவட்ட நூலகக் கவுன்சிலின் புத்தகச் சந்தைக்குப் போகும் முன், தங்கள் பட்டியலில் தமிழ் நாவல்களுக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் போடும்போது, படிக்கப்போகும் மாணவ மாணவியரில் இருவரையாவது உடன் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். தங்கள் பத்திரிகையும் ஞாயிறு இலக்கியப் பக்கத்தில், முதன்முறையாக நாவல் படிக்கப்போகும் இளையோருக்காக வாரம் ஒரு நூலை அறிமுகம் செய்தால், பதிப்பகத்தின் பெயரையும் விலையையும் சேர்த்தே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்ற சிறிய நூலகங்கள் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது அந்த இரண்டும் இல்லாமல்தான் திண்டாடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.