பேரிடர் ஒத்திகையில் நோயாளிகளாகப் படுத்தவர்களுக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி

செவிலியர் கல்லூரி மாணவியருக்கும், 108 ஊழியர்களுக்கும், காவலர்களுக்கும், வார்டு உதவியாளர்களுக்கும், ரத்த வங்கியினருக்கும் வணக்கம்.

பேரிடர்ப் பயிற்சி வகுப்பு முடிந்த கையோடு தேர்வு வைத்தால் மதிப்பெண் நன்றாகவே வரும். நெரிசலில் கை என்ன செய்யும் என்பது அந்தத் தாளில் தெரியாது. அதை ஒத்திகையில் வெளிக்காட்டியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி மாணவியருக்கு. 'மூச்சு நிமிடத்துக்கு 36' என்ற அட்டையோடு ஒருவர் சுவரோரம் சத்தமில்லாமல் படுத்திருந்தார். பக்கத்தில் கை முறிந்தவராக நடித்தவர் அலறினார். பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் அலறல் பக்கமே ஓடினார்கள். காயம்பட்டவர்களை அவசரத்துக்கு ஏற்ப வண்ண அட்டையால் பிரிக்கும் 'ஸ்டார்ட்' முறை அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: நடப்பவருக்குப் பச்சை. மூச்சு 30-ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, "கையை இறுக்கிப் பிடிங்க" என்றால் பிடிக்காவிட்டாலோ சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை. மூச்சே இல்லாவிட்டால் மூச்சுவழியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் கறுப்பு, அதாவது இறந்தவர். எஞ்சியவர்களுக்கு மஞ்சள், அதாவது சற்றுக் காத்திருக்கலாம். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகக் கூடாது. தெரிந்தும், மூச்சை எண்ணாமல் கண்ணாலேயே மதிப்பிட்டுவிட்டார்கள். அந்த மாணவி கடைசிவரை வாய் திறக்காமல் கிடந்ததால்தான் இந்தத் தவறு பிடிபட்டது.

விபத்து நடந்தால் லேசான காயக்காரர்கள்தான் ஆட்டோவிலும் பைக்கிலும் முதலில் வந்து சேர்வார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவசரப் பிரிவின் கட்டில்கள் நிரம்பிவிடும். பச்சை அட்டைக்காரர்களை வாசலிலேயே புறநோயாளிகள் கட்டடத்துக்குத் திருப்பிய காவலர்களுக்கு நன்றி. ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்குக் கட்டு போட்ட நேரத்தை அட்டையிலேயே எழுதிக் கொடுத்த 108 ஊழியர்களுக்கும் நன்றி.

7,000 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒருவருக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வரும். பத்துப் பேருக்குப் பிரித்தால் 70 நிமிடம்தான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதோடு, ஸ்டோரில் பூட்டிக் கிடந்த, சிலிண்டரைத் திறக்கும் சாவியைச் சங்கிலி போட்டுத் தள்ளுவண்டியிலேயே மாட்டிவிட்டார் வார்டு உதவியாளர். எந்த வகுப்பிலும் சொல்லித்தராத பாடம் இது.

'பெயர் தெரியாத ஆண்' என்று மட்டும் எழுதியிருந்த இரண்டு ரத்த மாதிரிகளை ரத்த வங்கி வாங்க மறுத்தது. அப்போது கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அதுதான் சரி. அட்டை எண், கைப்பட்டை, குழாய், படிவம் நான்கிலும் ஒரே எண் இல்லாவிட்டால் ஒருவருக்கான ரத்தம் இன்னொருவருக்கு ஏறிவிடக்கூடும்.

கற்றது சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பதால் அடுத்த ஒத்திகையை, ஆட்கள் குறைவாக இருக்கும் இரவுப் பணியில் வைக்கிறோம். அதற்கும் நீங்கள் வர வேண்டும்.

நன்றியுடன்,
பேரிடர்ப் பயிற்சிக் குழு