ஷா கேட்ட கேள்வியை எங்கே விட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ரிட்லி ஸ்காட் அவர்களுக்கு,

வணக்கம். ஏலியன் வரிசைக்கு நீங்கள் எடுத்த இரண்டு முன்கதைப் படங்களைப் பற்றிய மடல் இது. 2012இல் 'பிரொமீதியஸ்' வந்தபோது ரசிகர்களில் பாதிப் பேர் உங்களைத் திட்டித் தீர்த்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. இன்றைக்கும் அந்தப் படத்தின் கட்சிதான் நான். எனக்குக் கோபமெல்லாம் 2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்' மீது, அதிலும் குறிப்பாக ஒரே ஒரு விஷயத்தின் மீது: 'பிரொமீதியஸ்' நாயகி எலிசபெத் ஷா நம்மைப் படைத்தவர்களிடம் கேட்ட கேள்வியை அது அப்படியே விட்டுவிட்டது. இந்தப் படங்களை இன்னும் பார்க்காத யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவுகளை எல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன்.

கதை 1979இல் நீங்கள் எடுத்த முதல் 'ஏலியன்' படத்தில் தொடங்குகிறது. கைவிடப்பட்ட ஓர் அந்நியக் கப்பலுக்குள் மூன்று பேர் ஏறிப் போகிறார்கள். உள்ளே பீரங்கி போல ஏதோ ஒரு கருவி, அதோடு சேர்ந்த இருக்கை, அதில் சாய்ந்தபடியே செத்துக் கல்லாகிப்போன ஒரு ராட்சத விமானி. உடம்பு இருக்கையிலிருந்தே முளைத்ததுபோல இருக்கிறது. விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. கேப்டன் டாலஸ் ஓரிரு வரி சொல்வதோடு சரி, படம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஓவியர் எச்.ஆர். கீகர் வண்ணமடித்த அந்தச் செட் சுமார் 26 அடி உயரம். ஒரே காட்சிக்கு இவ்வளவு செலவா என்று ஸ்டூடியோ முரண்டு பிடித்தது, படத்தின் வடிவமைப்பு ஓவியர் ரான் காப் பரிந்து பேசித்தான் அது பிழைத்தது. அந்த 26 அடியும் உங்களுக்குப் போதவில்லை. இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று உங்கள் இரண்டு மகன்களுக்கும், கேமராக் குழுவில் ஒருவருடைய மகனுக்கும் சின்ன அளவில் விண்வெளி உடை மாட்டி நடக்க விட்டீர்கள். சின்னப் பையன்கள் பக்கத்தில் நின்றதால் விமானி இன்னும் பூதாகரமானான். யார் அவன், எங்கிருந்து வந்தான், கப்பலில் இருந்த ஏலியன் முட்டைகளை எங்கே கொண்டுபோனான் என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கும் அப்போது அது குறையாகப் படவில்லை.

அதற்குப் பிறகு 1986இல் ஜேம்ஸ் கேமரூன், 1992இல் டேவிட் ஃபின்ச்சர், 1997இல் ஜான் பியர் ஜூனே என்று மூன்று பேர் அடுத்தடுத்த ஏலியன் படங்களை எடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் அந்த விமானியைப் பற்றி விசாரிக்கவில்லை. அது உங்களுக்கே ஆச்சரியமாக இருந்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். 33 வருடம் கழித்து நீங்களே கிளம்பினீர்கள். கிளம்பியது நியாயம்தான்.

சரி, விடை என்னவாக இருந்தது? எலும்பு என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது எலும்பே இல்லை, வெறும் உடை. தும்பிக்கை மாதிரி இருந்தது தலைக்கவசம். கழற்றினால் உள்ளே வெளிறிப்போன மொட்டைத் தலை மனிதன். நம்மைவிட உயரம், நம்மைவிடக் கட்டுமஸ்து, மற்றபடி நம் ஜாடைதான். நம் மரபணுதான் அவனுக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது என்று ஏலியன் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கும் அந்த நிமிடம் சப்பென்றுதான் ஆனது. ('பிரொமீதியஸ்' நடப்பது வேறு நிலா, எல்வி-223, பழைய கப்பல் கிடந்தது எல்வி-426, ஆகவே அந்த விமானி வேறு ஆளாக இருக்கலாமே என்று சிலர் இன்னமும் வாதாடுகிறார்கள். பாவம், அவர்கள் நம்பிக்கையை ஏன் கெடுப்பானேன்.)

ஆனாலும் நான் அந்த விடையை ஏற்றுக்கொண்டேன். ஒரு மர்மத்தைப் பறித்துக்கொண்டு அதைவிடப் பெரிய ஒன்றை நீங்கள் கையில் கொடுத்தீர்கள். அவன் இனத்தார்தான், எஞ்சினியர்கள் என்று படம் அழைப்பவர்கள்தான், நம்மை உண்டாக்கினார்கள். பிறகு, ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன், கப்பல் நிறைய, உயிர்களை உருக்குலைக்கும் கருப்புத் திரவத்தை ஏற்றிக்கொண்டு பூமியை அழிக்கப் புறப்படத் தயாரானார்கள். பெற்றவர்களே ஏன் கொல்லக் கிளம்பினார்கள்? அந்தக் காலக் கணக்கையும் மனிதர்கள் வந்த கப்பலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் கை காட்டுகிறீர்கள் என்று புரிகிறது. அதை உடைத்துச் சொல்லாமல் விட்டது நல்லதுதான். அரக்கனுக்குப் பயந்து ஓடுகிற கதைக்குள் இப்படி ஒரு கேள்வியை வைக்கத் தைரியம் வேண்டும்.

படத்தில் ஓட்டைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வரைபடம் போடும் கருவிகளைப் பறக்கவிட்டவரே வழி தெரியாமல் தொலைந்துபோகிறார். உயிரியல் நிபுணர், படமெடுத்துச் சீறும் வெள்ளைப் பாம்பு போன்ற ஒன்றைச் செல்லம் கொஞ்சப் போகிறார். உருண்டு வரும் கப்பலுக்கு முன்னால் கம்பெனி அதிகாரி விக்கர்ஸ் நேர்க்கோட்டிலேயே ஓடுகிறார், நாலடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். 'பிரொமீதியஸ்' நடக்கும் 2093இல் ஹாலோகிராம் இருக்கும்போது, முதல் படத்தின் கப்பலான நோஸ்ட்ரமோவில் 2122இல் பச்சை எழுத்துத் திரை எப்படி என்று கேட்பவர்களோடு மட்டும் நான் சேர மாட்டேன். நோஸ்ட்ரமோ 2 கோடி டன் தாதுவை இழுத்துக்கொண்டு போகும் லாரி. பிரொமீதியஸ், வெய்லாண்ட் என்ற கோடீஸ்வரக் கிழவர் சாகாவரம் வாங்கப் போகிற சொந்தக் கப்பல். லாரியில் என்ன ஹாலோகிராம்?

இந்த ஓட்டைகளை எல்லாம் மறக்கடிப்பவன் டேவிட். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த அந்தச் செயற்கை மனிதன், மற்றவர்கள் தூங்கும் இரண்டு வருடமும் தனியாக சைக்கிள் ஓட்டுகிறான், பழைய நடிகர் பீட்டர் ஓ'டூல் படத்தைப் பார்த்து அவரைப்போலவே தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொள்கிறான். ஷாவின் காதலர் ஹாலோவேயோடு பில்லியர்ட்ஸ் மேசை அருகே அவன் பேசும் இடம்தான் எனக்குப் படத்தின் மையம். என்னை ஏன் செய்தீர்கள் என்று டேவிட் கேட்கிறான். எங்களால் முடிந்தது, செய்தோம் என்கிறார் ஹாலோவே, அலட்சியமாக. உங்களைப் படைத்தவர் இதே பதிலை உங்களுக்குச் சொன்னால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்கிறான் டேவிட். சொல்லிக்கொண்டே, விரல் நுனியில் ஒளித்து வைத்திருந்த கருப்புத் துளியை அவருடைய கோப்பையில் இறக்குகிறான். படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் நடுவில் இருக்கும் கசப்பு அந்த ஒரு கோப்பைக்குள் வந்துவிடுகிறது.

அப்புறம், அந்த நிலாவில் உறைதூக்கத்தில் கிடந்த கடைசி எஞ்சினியர் கண் விழிக்கும் காட்சி. படம் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தோம். எலிசபெத் ஷாவுக்கு வயிற்றைக் கிழித்துத் தையல் போட்டு அதிக நேரம் ஆகவில்லை. அந்த நிலையில் நின்றுகொண்டு கத்துகிறாள், நாங்கள் என்ன தப்புச் செய்தோம், எங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்று. வெய்லாண்டின் ஆள் துப்பாக்கிக் கட்டையால் அவள் வயிற்றிலேயே இடித்து வாயை அடைக்கிறான். டேவிட் எஞ்சினியரின் மொழியில் ஒரு வரி பேசுகிறான், கீழே மொழிபெயர்ப்பு வரவில்லை. எஞ்சினியர் டேவிட்டின் தலையை மெல்லத் தடவிக்கொடுக்கிறான், மறு நொடி அதைப் பிய்த்தெடுத்து அதாலேயே வெய்லாண்டை அடிக்கிறான். தியேட்டரில் நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். ஏன் அடித்தான் என்று யாருக்கும் விளங்கவில்லை.

ப்ளூ-ரே வட்டில் நீங்கள் சேர்த்த நீக்கப்பட்ட காட்சிகளில் இதன் நீண்ட வடிவம் இருக்கிறது. அதில் எஞ்சினியர் பேசுகிறான். வெய்லாண்டும் பேசுகிறார். இதோ இவனை நான்தான் உருவாக்கினேன், என் சாயலிலேயே உருவாக்கினேன், ஆகவே நீயும் நானும் ஒரே ஜாதி, கடவுள்கள், கடவுளுக்குச் சாவு கிடையாது என்கிற தோரணையில் மார்தட்டுகிறார். அதற்குப் பிறகுதான் எஞ்சினியரின் கை டேவிட்டின் தலைக்குப் போகிறது. இப்போது அந்தக் கோபம் புரிகிறது. நாம் படைத்த பூச்சி நம் எதிரில் வந்து நின்று நானும் படைப்பவன்தான் என்கிறதே என்ற அருவருப்பு அவன் முகத்தில் தெரிகிறது. ஷாவின் கேள்விக்கு அது முழு விடை ஆகாது. ஆனால் விடையின் வாசல் அதுதான். அதை வெட்டிவிட்டு, வெள்ளைப் பாம்பைக் கொஞ்சும் காட்சியை வைத்துக்கொண்டீர்கள்!

போகட்டும், முடிவாவது நம்பிக்கை தந்தது. எல்லோரும் செத்தபின் ஷாவும் டேவிட்டின் தனித்தலையும் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவள் பூமிக்குத் திரும்பவில்லை. எஞ்சினியர்களின் ஊருக்கே போய்க் கேட்கிறேன் என்று இன்னொரு கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறான் டேவிட். நான் மனுஷி, நீ இயந்திரம், அதனால்தான் உனக்குப் புரியவில்லை என்கிறாள். நானும் அவளோடு புறப்பட்டேன். ஐந்து வருடம் காத்திருந்தேன்.

'கவனன்ட்'டில் ஷா செத்துக் கிடக்கிறாள். எப்படிச் செத்தாள் என்றுகூடக் காட்டவில்லை. டேவிட்டின் மேசையில், அறுத்துப் பார்த்த உடலாக, நோட்டுப் புத்தகம் நிறைய வரைந்த படங்களாகக் கிடக்கிறாள். ஷாவாக நடித்த நூமி ராபாஸ் உயிரோடு வருவது படத்துக்கு முன்னால் விளம்பரமாக வெளியிட்ட குறும்படத்தில் மட்டும். எஞ்சினியர்களின் ஊரோ, டேவிட் மேலிருந்து கருப்புத் திரவத்தைக் கொட்டி ஒரு பழைய நினைவுக் காட்சியில் அழிந்துபோகிறது. கேள்வி கேட்க வந்தவளும் இல்லை, பதில் சொல்ல வேண்டியவர்களும் இல்லை. ஒரு முழுப் படம் ஏற்றி வைத்த பாரத்தை இன்னொரு படத்தின் சில நிமிடங்களில் இறக்கிக் கீழே போட்டுவிட்டீர்கள்.

இதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தவை முட்டை, முகத்தில் பாயும் ஜந்து, மார்பைக் கிழிக்கும் குட்டி. பழைய பட்டியல்தான். அந்த ஏலியனையும் டேவிட்தான் பயிர் செய்து உருவாக்கினான் என்று முடித்தீர்கள். அப்படியானால் கணக்கு இடிக்கிறதே? கவனன்ட் கதை நடப்பது 2104இல். நோஸ்ட்ரமோ 2122இல். இடையில் 18 வருடம். கல்லாகிப்போன விமானியின் கப்பலுக்குள் அந்த முட்டைகள் எப்போது போயின? போதாக்குறைக்கு 'பிரொமீதியஸ்' மண்டபச் சுவரிலேயே ஏலியன் போல ஓர் உருவம் செதுக்கியிருந்தது, டேவிட் அங்கே கால் வைப்பதற்கு ரொம்ப காலம் முன்பே. விமானியின் உடைகூட என்னை இவ்வளவு உறுத்தவில்லை. பிரபஞ்சத்தின் எந்த மூலையில் பிறந்ததோ என்று பயந்த ஒன்று, கடைசியில் மனிதன் செய்த பொம்மை செய்த பொம்மையாகிவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதும் தெரிந்ததுதான். ரசிகர்கள் அரக்கனைத் தேடினார்கள், அதனால் திரும்பக் கொண்டுவந்தேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் கூட்டத்தில் அதிகம் சத்தம் போட்டவர்கள் கேட்டது அதைத்தான், மறுக்கவில்லை. ஆனால் வசூலைப் பாருங்கள். எல்லோரும் திட்டிய 'பிரொமீதியஸ்' உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வாங்கியது. கேட்டதைக் கொடுத்த 'கவனன்ட்' 24 கோடி டாலர் பக்கத்தில் நின்றுவிட்டது. திட்டுகிறவன் படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அந்த எஞ்சினியர் என்ன சொன்னான், ஏன் கொல்ல வந்தார்கள் என்று நாங்கள் விடிய விடியச் சண்டை போட்டோம். 'கவனன்ட்' பற்றிச் சண்டை போட ஆளில்லை. டேவிட் தன்னைப்போலவே இருக்கும் இன்னொரு செயற்கை மனிதன் வால்ட்டருக்குப் புல்லாங்குழல் சொல்லித்தரும் இடத்தை மட்டும் இரண்டு பேர் சிலாகித்துவிட்டுக் கலைந்துபோனார்கள்.

அதன் தொடர்ச்சியாக ஒரு படம் பற்றிப் பேசினீர்கள், அதுவும் வரவில்லை. 2024இல் ஃபெடே அல்வாரெஸ் எடுத்த 'ரோமுலஸ்' கருப்புத் திரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டது. 2025இல் வந்த 'ஏலியன்: எர்த்' தொடர் நோஸ்ட்ரமோவுக்கு இரண்டு வருடம் முன்னால் நடக்கிறது. அதற்கு அதன் சொந்தக் கவலைகள். ஷாவை யாரும் தேடவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, பாதியில் நிறுத்தியது அவர்கள் அல்லவே.

ஆகவே உங்களிடம் புதுப் படம் கேட்கப் போவதில்லை. செத்தவளைப் பிழைக்க வையுங்கள் என்றும் சொல்லவில்லை. 'பிளேட் ரன்னர்' படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி, 2007இல் இறுதிப் பதிப்பு என்று கொண்டுவந்தவர் நீங்கள். தியேட்டரில் துவண்டுபோன 'கிங்டம் ஆஃப் ஹெவன்' நீங்கள் வெட்டியதை எல்லாம் சேர்த்துக் கொடுத்தபின் வேறு படமாகவே எழுந்து நின்றது. 'பிரொமீதியஸ்' படத்துக்கும் அப்படி ஒரு பதிப்பு வேண்டும். காட்சிகளை எடுத்து வைத்திருக்கிறீர்கள், வட்டிலும் போட்டுவிட்டீர்கள், இனி படத்துக்குள் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. ஷா அடிவாங்கிய பிறகு அந்த எஞ்சினியரைப் பேச விடுங்கள். வெய்லாண்டை முழுசாக மார்தட்ட விடுங்கள். நேரம் நீளுகிறது என்று எடிட்டர் சொன்னால் பாம்பைக் கொஞ்சுகிற இடத்தில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

இன்னொன்று, டேவிட் சொன்ன அந்த ஒரு வரிக்கும் கீழே மொழிபெயர்ப்பு போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ரசிகன்